கஞ்சி வீட்டுக்குப் பூட்டு

அயர்லாந்தின் பாலிடோரன் ஊரில் கவுன்சில் பூட்டிய கட்டிடம் மறுபடி திறந்ததாகச் சரித்திரமே கிடையாது. ரயில் நிலையத்தைக் குளிர்காலம் போகட்டும் என்று சொல்லிப் பூட்டினார்கள்; இப்போது அதன் கூரையைப் பிளந்துகொண்டு கொடி வளர்ந்து நிற்கிறது. நீதிமன்றத்தை வெள்ளையடிக்க என்று சொல்லிப் பூட்டினார்கள். சுண்ணாம்பும் வரவில்லை, நீதியும் வரவில்லை, புறாக்கள்தான் வந்தன. அதனால், மேட்டுத்தெருக் கஞ்சி வீட்டின் பக்கவாட்டுக் கதவில், "பாதுகாப்பு ஆய்வுக்காக வெள்ளிக்கிழமை நண்பகல் முதல் தற்காலிகமாகப் பூட்டப்படும்" என்று ஒரு தாளைக் கண்டபோது நோரீன் லாவின் வாய்விட்டுச் சிரித்தாள். தற்காலிகமாம்! தாளைக் கிழித்து, அடுப்புப் பற்றவைக்க ஆகும் என்று கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கஞ்சி வீடு என்பது ஊர் வாயில் உள்ள பெயர். அரசாங்கம் வைத்த பெயர் ஏழை விடுதி. பஞ்சத்துக்குச் சில வருஷம் முன்னால், ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு நாடு முழுக்க ஒரே அச்சில் கட்டித் தள்ளியவற்றில் ஒன்று. சாம்பல் நிறக் கல், சின்னச் சின்ன ஜன்னல், ஆண்களுக்கு ஒரு முற்றம், பெண்களுக்கு ஒரு முற்றம், பிள்ளைகளுக்கு இன்னொன்று. வாசல்வரை குடும்பமாக வந்தவர்கள் உள்ளே போனதும் ஆளுக்கொரு மூலை. உருளைக்கிழங்கு அழுகிய வருஷங்களில் ஒரு குவளை சோளக்கஞ்சிக்காக அதற்குள் போனவர்களில் பாதிப் பேர் பின்வாசல் வழியாகக் குழிக்குத்தான் போனார்கள்.

அதற்கப்புறம் அந்தக் கட்டிடம் பார்க்காத வேஷம் இல்லை. உள்நாட்டுச் சண்டையில் சிப்பாய்கள் தங்கினார்கள். பிறகு கன்னியாஸ்திரிகள் வந்து, போக்கிடமில்லாத கிழங்களையும் கல்யாணம் ஆகாமல் கர்ப்பமான பெண்களையும் ஊர்க் கண்ணில் படாமல் அங்கே அடைத்து வைத்தார்கள். அவர்களும் போன பிறகு ஒரு முதலாளி வந்து சட்டைத் தொழிற்சாலை போட்டான். நோரீனும் அவளுடைய சிநேகிதி டெலியா கில்மார்ட்டினும் பதினாறு வயதில் ஒரே நாளில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருத்தி காலர் தைத்தாள், இன்னொருத்தி கை தைத்தாள். முதலாளி ஒருநாள் மெஷின்களை லாரியில் ஏற்றிக்கொண்டு, கூலி குறைந்த தேசமாகப் பார்த்துப் போய்விட்டான். மற்றவர்கள் அழுதபோது டெலியா மட்டும், "மெஷினைத்தானடி தூக்கிட்டுப் போறான், சுவத்தையுமா தூக்கிட்டுப் போறான்?" என்று கேட்டாள். மறுநாளே நோரீனைக் கூட்டிக்கொண்டு போய்த் தரையைப் பெருக்கினாள்.

அன்றிலிருந்து கட்டிடம் அவர்கள் கையில்தான் இருந்தது. பெண்கள் படுத்த அறையில் இப்போது பிள்ளைகள் குத்துச்சண்டை பழகினார்கள். பழைய நோயாளிகள் அறையில், இறைச்சித் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த பிரேசில்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் பாடினார்கள். கஞ்சி ஊற்றிய கூடத்தில் புதன்கிழமைதோறும் ஊரில் தனியாக இருக்கிறவர்களுக்குச் சூடாகச் சாப்பாடு. நோரீனின் புருஷன் போனபிறகு அவள் வீட்டில் பேச ஆள் கிடையாது. அவளுக்கு வாய் இருந்ததே கஞ்சி வீட்டில்தான்.

இதை வாங்கத்தான் டப்ளினிலிருந்து ஒரு ஓட்டல் கம்பெனி வந்திருந்தது. வெந்நீர்த் தொட்டியும் எண்ணெய்த் தேய்ப்புமாகப் பணக்காரர்கள் ஓய்வெடுக்கிற இடமாக்கப் போகிறார்களாம். ஆள் புழங்குகிற கட்டிடத்தை விற்பதென்றால் கவுன்சில் ஊரைக் கூட்டி வைத்துக் கேட்க வேண்டும். கேட்டால் ஊர் என்ன சொல்லும் என்று அவர்களுக்குத் தெரியும். பூட்டிக் கிடக்கிற கட்டிடத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. கையெழுத்துப் போட்டால் முடிந்தது. ஆகவே பாதுகாப்பு, ஆய்வு, தற்காலிகம்.

ஞாயிற்றுக்கிழமை மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போய் டெலியாவிடம் இதையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். டெலியா எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். நாக்கு மட்டும் இளைக்கவில்லை.

"செத்தவன் படுத்த எடத்துல முதுகு தேய்ச்சு விடப் போறானாமா? நல்லா இருக்குடி கதை. என்னிக்குப் பூட்டறான்?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம்."

டெலியா கூரையைப் பார்த்து யோசித்தாள். "டாக்டர் வாரக் கடைசி தாண்டாதுன்னுட்டுப் போறான். மூஞ்சியைப் பாக்கணுமே, சீட்டுக் கிழியப் போறது என்னவோ அவனுக்குங்கற மாதிரி. நோரீன், என்னை அங்க வையி."

"எங்க?"

"கஞ்சி வீட்டுல. துணி வெட்டற மேஜை மேல கிடத்து. ஊரைக் கூப்பிடு. பொணம் கிடக்கற வீட்டுக்கு எவன் பூட்டுப் போடறான்னு பாத்துடலாம்."

"வாயைக் கழுவுடி."

"கழுவிட்டுச் சொல்லவா? அதையேதான் சொல்லுவேன்."

"உங்க அண்ணன் என்னை வெட்டிப் போட்டுடுவான்."

"அவன் கிடக்கான். அவனை நீ சமாளி, எனக்குத் தெம்பில்லை" என்று சொல்லிவிட்டு டெலியா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாகி நர்ஸ் ஓடி வந்து நோரீனை வெளியே அனுப்பினாள். புதன்கிழமை விடியற்காலை டெலியா போய்விட்டாள். எதிலும் கெடு தவறாதவள், இதிலும் தவறவில்லை.

அண்ணன் ஃபின்டன் கில்மார்ட்டின் எண்பதை நெருங்கிய விவசாயி. மேட்டுத்தெரு வழியாகப் போனால் சந்தை பக்கம். அவனோ வாழ்நாள் முழுக்க ஆற்றோரமாகச் சுற்றிக்கொண்டுதான் போவான். காரணம் ஊருக்கே தெரியும். அவனுடைய கொள்ளுத்தாத்தா பஞ்சத்தில் சின்னப் பிள்ளையாகத் தன் அம்மாவோடு கஞ்சி வீட்டுக்குப் போனவர். அம்மா அங்கேயே செத்தாள். அடியில் கீல் வைத்த ஒரு பெட்டி அங்கே இருந்தது. பின்வாசல் வழியாகத் தூக்கிப் போய்க் குழிமேல் வைத்துக் கொண்டியைத் தட்டினால் உடம்பு கீழே விழும். பெட்டி அடுத்த ஆளுக்காகத் திரும்பி வரும். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளை வளர்ந்து ஆளாகி, என் வம்சத்தில் எவனும் அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுச் செத்தான். டெலியா ஒருத்திதான் மிதித்தாள்.

நோரீன் போனபோது ஃபின்டன் மாட்டுக் கொட்டகையில் இருந்தான். விஷயத்தைச் சொன்னாள். வைக்கோல் வாரியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பினான்.

"எங்க குடும்பத்துல ஒருத்தி அங்கேருந்து பொணமா வெளியே வந்தது போதும்."

"அவளேதான் கேட்டா, ஃபின்டன்."

"மருந்து மயக்கத்துல உளறியிருப்பா."

"மயக்கமா? உன்னைப் பத்திச் சொன்னதைக் கேட்டிருந்தா மயக்கம்னு சொல்ல மாட்டே."

"என்ன சொன்னா?"

"அவன் கிடக்கான்னா."

ஃபின்டனின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அழுகையா சிரிப்பா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. பசுவின் முதுகைத் தட்டிக் கொடுத்தான்.

"எந்த வாசல்?" என்றான்.

"என்னது?"

"எந்த வாசல் வழியா அவளை எடுப்பீங்க?"

"முன்வாசல். பெரிய வாசல்."

"பெட்டி பின்வாசல் பக்கம் திரும்பிச்சுன்னா, டிராக்டரைக் கொண்டாந்து அந்தச் சுவத்தை இடிச்சுடுவேன். சொல்லிட்டேன்."

"சரி."

"நான் கேட்டைத் தாண்டி உள்ள வர மாட்டேன்."

"வராதே. டீயை ரோட்டுக்குக் குடுத்தனுப்பறேன்" என்றாள் நோரீன்.

வியாழக்கிழமை காலை ஊர் ரேடியோ வழக்கம்போல மரண அறிவிப்புகளை வாசித்தது. அந்த நேரத்தில் பாலிடோரனில் யாரும் பேசுவதில்லை. பேசினால் யார் செத்தார் என்பது தப்பிப் போகும். "டெலியா கில்மார்ட்டின், வெள்ளிக்கிழமை பதினொரு மணி முதல், மேட்டுத்தெரு ஏழை விடுதியில் உடல் வைக்கப்பட்டிருக்கும். அனைவரும் வரலாம்." ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர்கள் கத்தியை அப்படியே நிறுத்தினார்கள். கஞ்சி வீட்டிலா? கில்மார்ட்டின் வீட்டுப் பொண்ணா? அறிவிப்பைக் கேட்டு மூக்கில் விரல் வைக்காதவர் இல்லை. வராமல் இருக்கலாம் என்று நினைத்தவரும் இல்லை.

முன்வாசல் கதவு நிஜமாகவே பெரியது. ஏழை விடுதிக் காலத்தில் துரைமார்கள் நுழைந்த வாசல், தொழிற்சாலைக் காலத்தில் மேனேஜர் நுழைந்த வாசல். தைக்கிற பெண்கள் ஒருநாளும் அதில் போனதில்லை. கவுன்சில் அதன்மேல் பலகை வைத்து அடித்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை, முன்பு அங்கே சட்டை தைத்த பெண்கள், ஊர் வாயில் சட்டைக்காரிகள், கடப்பாரையோடு வந்து சேர்ந்தார்கள். அசம்ப்டா என்பவள் பெருத்த இடுப்புக்காரி, முன்பு பொத்தான் வைத்தவள். முதல் பலகையை அவள்தான் பிடுங்கினாள். "நாப்பது வருஷமா இந்தக் கதவு மேல எனக்கு ஒரு கண்ணு" என்றாள். கீல்களுக்குச் சமையல் எண்ணெய் விட்டார்கள். கதவு அலறிக்கொண்டு திறந்தது.

டெலியாவைப் பெட்டியோடு துணி வெட்டும் மேஜைமேல் வைத்தார்கள். விரல்களில் ஜெபமாலை சுற்றினார்கள். வழக்கப்படி கண்ணாடியை மூடினார்கள், கடிகாரத்தை நிறுத்தினார்கள், ஆவி வெளியே போக ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். குத்துச்சண்டை அறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு ரொட்டியும் பன்றிக்கறியும் பழக் கேக்கும் அடுக்கினார்கள். ரோசானி என்ற பிரேசில் பெண் பெரிய பானையில் டீயை ஏற்றினாள். பதினொன்றுக்கெல்லாம் வரிசை மேட்டுத்தெருவில் பாதிக்கு வந்துவிட்டது.

ஃபின்டன் சொன்ன சொல் மாறவில்லை. கல்யாணத்துக்கு வாங்கிய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வெளியே, ரோட்டில், தூறலில் நின்றான். துக்கம் கேட்க வந்தவர்கள் முதலில் அவன் கையைக் குலுக்கி, "உங்க கஷ்டத்துக்கு வருத்தப்படறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். ஒரு வீட்டுத் துக்கம் இரண்டு இடத்தில் நடப்பதைப் பாலிடோரன் அதுவரை பார்த்ததில்லை.

கவுன்சிலின் கொல்ம் டெவனி பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்தான். பளபளக்கிற மஞ்சள் பாதுகாப்பு மேல்சட்டை, பின்னால் பூட்டுக்காரர், பூட்டுக்காரர் கையில் கருவிப் பெட்டி. டெவனி குடியிருப்பது பக்கத்து மாவட்டத்தில். அவன் காலையில் கேட்பது அந்த ஊர் ரேடியோ, அந்த ஊர்ச் சாவுகள். பாலிடோரனில் யார் செத்தால் அவனுக்கென்ன? அந்த ஒரு தப்புதான் செய்தான். வளைவில் திரும்பியவன் கூட்டத்தைப் பார்த்து ஏதோ போராட்டம் என்று நினைத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேகமாக நடந்தான். கறுப்புக் கோட்டுகளைக் கண்டபோது நேரம் கடந்துவிட்டது. வரிசை அவனை விழுங்கிக்கொண்டது. அயர்லாந்தில் பிறந்தவன் எவனும் துக்க வீட்டு வரிசையிலிருந்து வெளியே வர மாட்டான். அவனை வளர்த்த விதம் அப்படி.

ஃபின்டனின் முன்னால் வந்ததும் டெவனியின் கை தானாக நீண்டது. "உங்க கஷ்டத்துக்கு வருத்தப்படறேன்."

"நன்றி தம்பி. டெலியாவை உனக்கு எப்படிப் பழக்கம்?"

டெவனி திருதிருவென்று விழித்தான். "கட்டிடம்... இந்தக் கட்டிடம் மூலமா."

"நல்லது. உள்ள போய்ப் பாரு. நல்லாத்தான் இருக்கா."

உள்ளே போனதும் மஞ்சள் மேல்சட்டையைக் கழற்றிச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டான். பூட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு நேரே ரொட்டிப் பக்கம் போய்விட்டார். டெவனி நோரீனைத் தேடிப் பிடித்து, பெட்டிக்கு எதிரே நின்று குசுகுசுவென்று பேசினான்.

"நோரீன் அம்மா, நீங்க இப்படிப் பண்ணலாமா?"

"என்ன பண்ணிட்டேன்? செத்தவளைக் கிடத்தியிருக்கேன்."

"பன்னெண்டு மணிக்குப் பூட்டணும்னு உத்தரவு."

"பூட்டேன். யாரு வேண்டாங்கறா? அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பூட்டு." நோரீன் தாடையால் பெட்டியைக் காட்டினாள்.

டெவனி டெலியாவைப் பார்த்தான். டெலியாவின் உதட்டோரம் அவள் உயிரோடு இருந்தபோது இருந்த அதே நக்கல். அவன் சிலுவை போட்டுக்கொண்டான். குனிந்து அவள் கையைத் தொட்டான்.

"நாளைக்கு இவங்களை மாதா கோவில் பூசைக்கு எடுத்தப்புறம் வர்றேன்" என்றான். "அதுதான் மரியாதை."

"கேக் எடுத்துக்கோ" என்றாள் நோரீன்.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நாலு வார்த்தை திட்டி அனுப்பியிருக்கலாம். அவன் நல்லவனாக, பணிவாக, சொன்ன நேரத்துக்கு வந்து பூட்டப் போகிறவனாக இருந்தான்.

சாயங்காலம் கூட்டம் கொஞ்சம் குறைந்தபோதுதான் அசம்ப்டா அதைச் சொன்னாள். "நாளைக்குப் பெட்டியைத் தூக்கினா நாம எல்லாரும் பின்னாலயே போயிடுவோமே. வீடு காலி. அவன் வந்து சாவகாசமாப் பூட்டிட்டுப் போவான். டெலியா இதை யோசிக்கலையே?"

யாராவது ஒருத்தர் இருக்க வேண்டும். துக்க வீட்டைக் காலியாக விட்டுப் போகக் கூடாது என்பது வழக்கம்தான். அக்கம்பக்கத்தார் ஒருவர் தங்கி அடுப்பைப் பார்த்துக்கொள்வார். ஆனால் இங்கே தங்குகிறவர் கவுன்சிலை எதிர்த்து உட்கார வேண்டும். அசம்ப்டா குடியிருப்பது கவுன்சில் கொடுத்த வீட்டில். இன்னொருத்தியின் மகனுக்குக் கவுன்சிலில்தான் வேலை. அவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

"நான் இருக்கேன் ஆன்ட்டி" என்றாள் ரோசானி.

"வேண்டாம்மா. உன் விசாவை வச்சு உன்னை மிரட்டுவாங்க. நாளைக்கு உன்னை விமானத்துல ஏத்தினா நான் எந்த மூஞ்சியோட டீ குடிப்பேன்?" நோரீன் எழுந்து கோப்பைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். "எனக்குச் சொந்த வீடு. பிள்ளை குட்டி கிடையாது. என்னை என்ன பண்ணுவான்? நான் இருந்துக்கறேன்."

"நீயா? டெலியா பெட்டிக்குப் பின்னால நீ நடக்காமயா?"

நோரீன் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரே வாசலில் சேர்ந்து நுழைந்து சேர்ந்து வெளியேறியவர்கள். புருஷனைப் புதைத்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது டெலியா. கடைசி நடையில் கூடப் போகவில்லை என்றால் அது என்ன சிநேகம்? ஆனால் கூடப் போய்விட்டுத் திரும்பி வந்தால் கதவில் பூட்டுத் தொங்கும். டெலியா அப்போது எதற்காக இந்த மேஜைமேல் கிடந்தாள் என்று ஆகிவிடும். அவளுக்குச் செத்தவள்மேல் கோபம் கோபமாக வந்தது.

சனிக்கிழமை காலை பழைய சட்டைக்காரிகள் ஆறு பேர் டெலியாவைத் தோளில் தூக்கினார்கள். பெட்டி பெரிய வாசல் வழியாக, படி இறங்கி, நேராகப் போனது. பின்வாசல் பக்கம் ஒருத்தி தலைகூடத் திருப்பவில்லை. கேட்டுக்கு வெளியே ஃபின்டன் காத்திருந்து முன்பக்கத்துத் தோளை வாங்கிக்கொண்டான்.

நோரீன் கேட்டோடு நின்றுவிட்டாள். "நான் வரலை ஃபின்டன்."

"ஏன்?"

"நான் வந்தா பூட்டிடுவான்."

அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். தோளில் தங்கையோடு நிற்கிறவனால் என்ன பேச முடியும்? தோளைச் சரிசெய்துகொண்டு நடந்தான். ஊர் அவன் பின்னால் போனது.

நோரீன் உள்ளே வந்து, முன்வாசலுக்கு நேராக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த இடம் இவ்வளவு அமைதியாக இருந்து அவள் கண்டதில்லை. மேஜை வெறுமையாக இருந்தது. கீழே கோவில் மணி அடித்தது. இப்போது பெட்டியை நடுவில் வைத்திருப்பார்கள், இப்போது பாட்டு, இப்போது நற்கருணை என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் போய்க்கொண்டிருந்தது. "உன்னால்தானடி, எல்லாம் உன்னால்தான்" என்று சொல்லி, கேட்க ஆளில்லாத தைரியத்தில் விக்கி விக்கி அழுதாள்.

டெவனி வரும்போது முகத்தைத் துடைத்துவிட்டிருந்தாள். பூட்டுக்காரர் பின்னாலேயே தயங்கி வந்தார்.

"நோரீன் அம்மா? நீங்க பூசைக்குப் போகலையா?" அவன் நிஜமாகவே அதிர்ந்து போனான்.

"போகலை. யாரால போகலைன்னு யோசிச்சுப் பாரு."

டெவனி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "நான் வேணா மத்தியானம் வரட்டுமா?"

"மத்தியானமும் இங்கதான் இருப்பேன்."

"திங்கக்கிழமை?"

"திங்கக்கிழமை தையல் வகுப்பு. செவ்வாய் குத்துச்சண்டை. புதன் சாப்பாடு. என்னிக்கு வந்தாலும் ஆள் இருக்கும்."

"போலீஸைக் கூப்பிட வேண்டியிருக்கும்மா. நான் ஆசைப்பட்டுச் சொல்லலை."

"கூப்பிடு. சார்ஜண்ட் கோவில்ல பாடிக்கிட்டிருக்கார். இன்னொரு போலீஸ்காரர் முனையில நின்னு வண்டிக்கு வழி விடறார். வேற யாராவது இருந்தா கூப்பிடு."

"கூரை ஆபத்தா இருக்குன்னு அறிக்கை வந்திருக்கு. உங்க நல்லதுக்குத்தான்..."

நோரீன் நாற்காலியில் நிமிர்ந்தாள். "என் நல்லதா? பட்டினியில வந்தவங்களை இதுக்குள்ள ஆடு மாடு மாதிரி அடைச்சப்ப எவனாவது கூரையை அண்ணாந்து பாத்தானா? வயித்துல பிள்ளையோட பொண்ணுங்களை அடைச்சப்ப? குளிர்ல விரல் விறைக்க நாங்க காலர் தைச்சப்ப? நாங்களா ஆசைப்பட்டு உள்ள வந்து உக்காந்தப்புறம்தான் உங்களுக்குக் கூரை மேல அக்கறை பொத்துக்கிட்டு வருதா? போய்ச் சொல்லு, நோரீன் லாவின் எழுந்திருக்க மாட்டேங்கறான்னு."

டெவனி பூட்டுக்காரரைப் பார்த்தான். பூட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்தார். அவர் பார்த்த திசையில்தான் சத்தம் கேட்டது, மெதுவாக மேடேறுகிற வண்டிச் சத்தம், கூடவே நிறையக் காலடிகள்.

கோவிலிலிருந்து கல்லறைக்குப் போகும் வழியில், செத்தவர் வாழ்ந்த வீட்டின் முன்னாலோ வேலை பார்த்த இடத்தின் முன்னாலோ சவ வண்டியைச் சற்று நிறுத்துவது ஊர் வழக்கம். ஆனால் கல்லறை இருப்பது ஊருக்குக் கீழே, ஆற்றங்கரையில். மேட்டுத்தெரு அதற்கு நேர் எதிர்ப்பக்கம். ஊரையே சுற்றிக்கொண்டு வண்டி ஏறி வந்துகொண்டிருந்தது. முன்னால் ஃபின்டன், வெறுந்தலையோடு, மூச்சு வாங்க நடந்து வந்தான்.

கேட்டுக்கு முன்னால் வண்டி நின்றது. அவனும் நின்றான். கேட்டுக் கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பனிக்கட்டி ஆற்றில் இறங்குகிறவன்போல ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தான். அப்புறம் இன்னொரு கால். நடைபாதையைத் தாண்டி, படி ஏறி, பெரிய வாசல் வழியாக வந்து நோரீன் முன்னால் நின்றான். கோட்டு முழுக்க ஈரம்.

"எழுந்திரு" என்றான்.

"எழுந்தா..."

"நான் உக்கார்றேன். நீ போ."

"உன் தங்கச்சி, ஃபின்டன்! மொதல் மண்ணு போட வேண்டியவன் நீ."

"பூசை பாத்துட்டேன். தோள் குடுத்துட்டேன்." ஈரக் கோட்டை உதறினான். "அவ வேலைக்கு வந்த காலத்துல மழைன்னா டிராக்டர்ல கூட்டியாருவேன். அந்த வளைவோட இறக்கி விட்டுட்டுத் திரும்பிடுவேன். மிச்ச தூரம் நனைஞ்சுக்கிட்டே நடப்பா. ஒரு தரம்கூட இந்த வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டதில்லை. இன்னிக்குக் கொண்டாந்துட்டேன். இனிமே இருக்கற தூரம் உங்க ரெண்டு பேருக்கும் உள்ளது. போ, காத்திருக்கா."

நோரீன் எழுந்தாள். ஃபின்டன் அவள் தோளைத் தொட்டு அனுப்பிவிட்டு, அந்த நாற்காலியில் கால்களை அகல வைத்து உட்கார்ந்துகொண்டான். அவள் படி இறங்கிச் சவ வண்டியின் பின்கண்ணாடியில் கை வைத்தாள். அசம்ப்டா அவளுக்கு இடம் விட்டாள்.

உள்ளே டெவனி மெல்ல ஆரம்பிப்பது கேட்டது. "ஐயா, உங்க துக்கத்துல இதைச் சொல்ல எனக்கே கஷ்டமா இருக்கு. ஆனா நீங்க வெளியே வரணும்..."

"எங்க ஆளுங்களை இதுக்குள்ள கொண்டார ஒரு பஞ்சமே தேவைப்பட்டுது" என்றான் ஃபின்டன். ரோட்டில் கடைசியாக நின்றவனுக்கும் கேட்கிற குரல் அது. "வெளியே அனுப்ப நீ என்னடா கொண்டாந்திருக்கே? பூட்டா?"